சாமித் தட்டு

பிஎச்.டி. படிச்சவ செய்யிற வேலையா இது? திங்கக்கிழமையிலேர்ந்து என்னை நானே திட்டிக்கினு கெடக்கேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல எங்க கம்பெனி சின்னது. பெயிண்ட் ஃபேக்டரிங்க வெளியே விடற காத்துல தின்னர் ஆவி கலந்திருக்கும். அதை மட்டும் புடிச்சு வெச்சிக்கிற பவுடர் பண்றோம். பவுடர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க. ஆவி போய் அதுக்குள்ள உக்காந்துக்கும். ஓட்டை எந்த அளவுல வரணும்னு கணக்குப் போட்டது இளமதிங்கிற நான். மாசக்கணக்கா கலக்கி, காய்ச்சி, அதை உருவாக்கினது ஷைனி. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, புதுவாயல் பொண்ணு. திங்கக்கிழமை டெஸ்ட்டுல பவுடர் தேறினா அவளைப் பர்மனென்ட் பண்றதா மேனேஜர் மோகன்ராஜ் சார் சொல்லியிருந்தார். தேறலைன்னா வேலை கெடையாது.

வெள்ளிக்கிழமைன்னா எங்க லேப்ல பூஜை உண்டு. செய்யிறது நான்தான். ஆரணிப் பக்கம் கழனி காடுன்னு இருக்கிற குடும்பம், ஊட்டுல பழகினது. டெஸ்ட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பவுடரைச் சூடு பண்ணி, ஓட்டைல இருந்த ஈரத்தையெல்லாம் வெளியேத்தி, மூடி போட்ட கண்ணாடி ஜாடியில வெச்சோம். ஷைனி கெளம்பிட்டா. நான் சாமித் தட்டுல பூ, குங்குமம், கொளுத்தாத கற்பூர வில்லை நாலு வெச்சு, அந்த ஜாடிக்குள்ளயே பவுடர் பக்கத்துல எறக்கி மூடிட்டேன். டெஸ்ட் வரைக்கும் சாமி கூட இருக்கட்டும்னு ஒரு ஆசை.

திங்கக்கிழமை தொறந்தா, பூ இருக்குது, குங்குமம் இருக்குது, கற்பூரத்தைக் காணோம். சனிக்கிழமை லேபுக்கு வந்தவ ஷைனி மட்டும்தான். எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு.

"ஏம்மா, சாமிப் பொருளை நீ எதுக்குத் தொட்ட?"

"நான் தொடலக்கா."

"புடிக்கலைன்னா ஒதுங்கி இரு. எங்க சாமி மேல கை வெக்காத."

அவ சர்ச்சுக்குப் போறவ. அவங்க அப்பா ஒரு காலத்துல எங்கள மாதிரி ஆளுங்க கழனியில கூலி வேலை செஞ்சவர். எல்லாம் தெரிஞ்சேதான் சொன்னேன். அவ முகம் சுண்டிப்போச்சு. நேரா போயி, டெஸ்ட் குழாயில பவுடரை நிரப்பினா.

தின்னர் கலந்த காத்தை ஒரு பக்கம் உட்டோம். மறுபக்கம் ஆவியை அளக்கிற மீட்டர் அசையக் கூடாது. உட்ட கொஞ்ச நேரத்துலயே விர்ருன்னு ஏறிடுச்சு. பவுடர் ஒண்ணுத்தையுமே புடிக்கல.

மோகன்ராஜ் சார் என்னைப் பாத்தார். "இன்னாம்மா இது?"

"என் கணக்குல தப்பில்ல சார். பண்ணவங்களைக் கேளுங்க," ன்னேன்.

அவர் ஷைனி பக்கம் திரும்பி, "நாளையிலேர்ந்து வர வேணாம்மா," ன்னு சொல்லிட்டார். அவ தலையை ஆட்டினா. போறதுக்கு முன்னால குழாயில தங்கின தின்னர் ஆவியை வெளியேத்தணும்னு, ஹீட்டரைப் போட்டு சூடான நைட்ரஜனை உட்டா.

லேப் முழுக்கக் கற்பூர வாசனை.

கோயில்ல தீபாராதனை காட்டின மாதிரி கமகமன்னு வந்துச்சு. கற்பூரம் தானா காத்துல கரையும்னு பள்ளிக்கூடப் புள்ளைக்குக் கூடத் தெரியும். மூடின ஜாடிக்குள்ள கரைஞ்ச அத்தனையும் பவுடருக்குள்ள போயி ஓட்டையை அடைச்சிக்கினு இருக்குது. எனக்கு அங்கயே பூமி பொளந்துடக் கூடாதான்னு இருந்துச்சு.

"நான்தான் சார் வெச்சேன்," ன்னேன். சார் விழுந்து விழுந்து சிரிச்சார். அந்தச் சிரிப்பு தேவலாம். ஷைனி சிரிக்கல, என்னைப் பாக்கவும் இல்ல.

கற்பூரம் போன பின்னாடி மறுபடி டெஸ்ட் பண்ணோம். மீட்டர் அசையவே இல்ல. ஷைனிக்கு வேலை உறுதியாச்சு. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில அவ பக்கத்துல போய் நின்னேன்.

"மன்னிச்சிக்கோ ஷைனி."

"உடுங்கக்கா." பஸ் வருதான்னு ரோட்டைப் பாத்துக்கினே சொன்னா. "சனிக்கிழமையே கண்ணாடி வழியா பாத்தேன். கற்பூரம் உள்ள இருந்தா பவுடர் போச்சுன்னு தெரியும். எடுத்துடலாம்னு மூடி வரைக்கும் கை போச்சு."

"ஒன் வேலையே போயிருக்குமேடி. எடுத்திருக்கலாம்ல?"

"நான் தொட்டா நீங்க எதுனா சொல்லுவீங்கன்னு உட்டுட்டேன். இன்னிக்கு நீங்க பேசினதுக்கப்புறம் சொல்லவும் தோணல."

'அப்படியெல்லாம் நான் சொல்ல மாட்டேன்'னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். தொடாததுக்கே அந்தப் பேச்சு பேசினவ நான்.