கம்பியில்லாத் தந்தி பூட்டிய மோட்டார்

அம்பாசமுத்திரம் திருஞானசம்பந்தம் பிள்ளையின் மோட்டார் வண்டியை இரண்டு காளைகள் இழுத்தன. எஞ்சின் இல்லாமல் இல்லை. பெட்ரோல் தூத்துக்குடியிலிருந்து தகர டின்னில் வந்தாக வேண்டும். அதை விசேஷ நாளுக்கென்று அறையில் பூட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் பிள்ளை மாடு பூட்டியே மோட்டார் சவாரி போனார்.

1913-இல் அந்த விசேஷ நாள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை சப்-கலெக்டர் துரை முகாம் வருகிறார். பிள்ளைக்கு ராவ் சாகிப் பட்டம் வேண்டும். சத்திரம், தண்ணீர்ப்பந்தல் என்று கட்டியவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றதால், பிள்ளை பட்டணத்திலிருந்து கம்பியில்லாத் தந்திச் சாமான் ஒரு பெட்டி வரவழைத்தார். அதை மோட்டாரில் பூட்டுவதற்கு மேலப்பாளையத்து நூர்முகம்மதைக் கூப்பிட்டார். நூர்முகம்மது கொழும்பில் ஆறு வருஷம் மின்சார மணி மாட்டிய கை.

“தொரை முன்னால இந்தத் தந்தி மணி அடிக்கணும்வே. அடிக்கலேன்னா, எம் மனையில நிக்குதே உம்ம தறிக்கொட்டாய், அதைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிரும்” என்றார் பிள்ளை.

கொட்டாயில் நான்கு தறிகள். நூர்முகம்மதின் மனைவி ஆசியா உம்மாளும் தம்பிமார் இருவரும் அதை நம்பித்தான் உலை வைத்தார்கள். நூர்முகம்மது அன்றே வேலையில் இறங்கினார்.

விஷயம் சின்னதுதான். வண்டியில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் உலோகத் தூள். வீட்டு மச்சில் பிள்ளையின் மைத்துனர் கைலாசம் ஒரு கட்டையை அமுக்கினால் அங்கே பொறி பறக்கும். இங்கே தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும், மணி அடிக்கும். புதன்கிழமை அடித்தது. வியாழக்கிழமை பூசை போட்டார்கள். வெள்ளிக்கிழமை விடியக் காலம் கைலாசம் அமுக்கு அமுக்கென்று அமுக்கியும் மணி வாய் திறக்கவில்லை.

நூர்முகம்மது பாட்டரிக் கம்பியை நாக்கில் வைத்துப் பார்த்தார். சுருக்கென்றது. முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். தூள் வெளுத்திருந்தது.

“பிள்ளைவாள், இதுக்குள்ள என்ன போட்டிய?”

“திருநீறு. ஒரு சிட்டிகைதான்.”

“மேல பூசினாப் போதாதா?”

“மேல பூசினா மேலுக்குத்தானவே பலிக்கும்?”

நூர்முகம்மது குழாயைக் கவிழ்த்தார். சாம்பல் கலந்த தூளில் மின்சாரம் ஓடாது, புதுத் தூள் வேண்டும். மடியிலிருந்து ஒரு நிக்கல் ஓரணாவை எடுத்து அரத்தில் வைத்தார். பிள்ளை பதறிவிட்டார்.

“ஏவே! ராசா தலைவே அது! தொரை வார நேரத்துல!”

“தலைப்பக்கம் தொடலை பிள்ளைவாள். ஓரத்துலதான் அராவுதேன்.”

குழாயை மாட்டியதும் மணி கணீரென்றது. நூர்முகம்மதுக்குத் தறிக்கொட்டாய் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அதற்குள் துரையும் குதிரையில் வந்து இறங்கினார். வண்டிக்காரன் கருத்தையா காளைகளை அவிழ்த்துவிட்டு, பெட்ரோல் ஊற்றி, முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றினான்.

எஞ்சின் உறுமியது. மணியும் அடித்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. நூர்முகம்மதுக்குச் சட்டென்று விளங்கியது. எஞ்சினுக்குள்ளும் பொறிதான் பறக்கிறது. மச்சுப் பொறி, எஞ்சின் பொறி என்று குழாய்க்கு வகை பிரிக்கத் தெரியாது. மாடு இழுத்த வண்டியில் சோதித்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

பிள்ளையோ பூரித்துப் போனார். “கம்பியில்லாத் தந்தி துரையவர்களே! தங்களுக்கு வரவேற்பு வந்துகொண்டிருக்கிறது!”

துரை பரீட்சைக்குப் படித்த தமிழில் கேட்டார்: “தந்தியோ? இதற்குச் சர்க்கார் லைசென்சு உம்மிடத்தில் உண்டோ?”

பிள்ளையின் முகத்திலிருந்து ராவும் சாகிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போனார்கள்.

“தந்தியா? அது... சும்மா ஆசைக்கு வச்ச பேரு துரையவர்களே. இது மாடு ஒதுங்குததுக்கு அடிக்கிற மணி.”

மாட்டு மணிக்குக் கண்ணாடிக் குழாய் எதற்கு என்று துரைக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் நூர்முகம்மதின் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். இது மணியோ, தந்தியோ?”

நூர்முகம்மது பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் கை தன்னை அறியாமல் பாதிக் கும்பிடு போட்டிருந்தது. நூர்முகம்மது அவசரப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, குழாயைப் பையத் துடைத்தார்.

“மணிதான் தொரை. மேலப்பாளையத்துல பிள்ளைவாள் மனையில எங்க தறிக்கொட்டாய் நிரந்தரமா நிக்கது எம்புட்டு நெசமோ, அம்புட்டு நெசம். என்ன பிள்ளைவாள்?”

“ஆமா ஆமா! நெசந்தான். நிரந்தரந்தான்!”

துரை தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். தெருவில் படுத்திருந்த எருமைகள் மணிச்சத்தம் கேட்டு நிஜமாகவே எழுந்து ஒதுங்கின. துரை அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மோட்டார் போகும்போதெல்லாம் மணி அடித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். இனி இந்தத் தாலுகாவில் மணி அடிக்காமல் பிள்ளை மோட்டாரில் போக முடியாது.

மச்சில் கைலாசம் கட்டையை இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார். வண்டி போய்விட்டதென்று அவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.