தீர்ந்துபோகும் பீப்பாய்

மனுக்கா ஃப்ளாட் என்ற சிற்றூரில் நைரியைப் பிடிக்காதவர் என்று ஒருவரும் கிடையாது. அவளுக்கு வந்த வினையே அதுதான்.

ஊரில் இருப்பது ஒரே ஒரு பார். அதன் முதலாளியம்மா மகளோடு இருக்க வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தாள். சான்றிதழ் பெற்ற மேலாளர் இல்லாமல் பாரை நடத்த முடியாது. கதவைச் சாத்த வேண்டியதுதான். பதினெட்டு வயசான நாளிலிருந்து அங்கேயே பீர் ஊற்றி, கிளாஸ் கழுவி, சண்டை விலக்கிவிடும் நைரி சான்றிதழுக்கு மனுப் போட்டிருந்தாள். அவளுக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

விசாரணைக்கு ஊர் மண்டபத்தில் பாதி ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. இதில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறதோ! சான்றிதழ் வழங்கும் குழுவின் தலைவி லாக்ஹார்ட் அம்மாள் கண்ணாடிக்கு மேலாக நைரியைப் பார்த்தார்.

"போதையில இருக்கறவன் இன்னொரு கிளாஸ் கேட்டா என்னம்மா பண்ணுவே?"

நைரி கடகடவென்று ஒப்பித்தாள். மறுக்கணும், தண்ணி கொடுக்கணும், சாப்பாடு கொடுக்கணும், வீட்டுக்குப் போக வழி பண்ணணும்.

"புத்தகத்துல இருக்கறது எனக்கும் தெரியும். நிஜத்துல யாருக்காவது 'கிடையாது'ன்னு சொல்லியிருக்கியா?"

பரிசுச்சீட்டு விற்க வந்தவனுக்கே மறுப்புச் சொல்லத் தெரியாதவள் நைரி. ஊரில் வேண்டாமென்று விட்ட நாய்களெல்லாம் அவள் வீட்டு சோபாவில்தான் தூங்குகின்றன.

அவள் முழிப்பதைப் பார்த்து ஹேமிஷ் எழுந்தான். செம்மறிகளுக்கு மயிர் கத்தரிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. ஆள் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு, மூளை மட்டும் சாவகாசமாக வந்து சேரும்.

"மேடம், நான் சொல்றேன். இவ மாதிரி தங்கமான பொண்ணு கிடைக்காது. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட எனக்குக் கிடையாதுன்னு சொன்னதில்ல!"

குழுவில் இருந்த மற்ற இருவரும் சட்டென்று பேனாவை எடுத்தார்கள். 'படுபாவி, கெடுத்தானே!' என்று நைரி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹேமிஷுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்த பார்ல ஒரே கஷ்டம் பீப்பாய்தான். என் நாலாவது கிளாஸ் வந்தாப் போதும், சனியன் தீர்ந்துபோயிடும். பாவம், இவளே நிலவறைக்கு இறங்கி மாத்துவா. நேரமாகுமில்ல? அதுவரைக்கும் பசிக்குமேன்னு ஒரு தட்டு சிப்ஸ், ஒரு ஜக் தண்ணி. சாப்பிட்டா தூக்கம் வந்துடும். யாராவது என் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுடுவாங்க."

"தினமுமா தீருது?" என்று கேட்டார் லாக்ஹார்ட் அம்மாள்.

"தினமும்தான் மேடம்! கரெக்டா என் நாலாவது..."

ஹேமிஷ் நிறுத்தினான். மண்டபத்தில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். ஹேமிஷின் காது சிவந்தது, பிறகு கழுத்து. மெல்லத் திரும்பி நைரியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

லாக்ஹார்ட் அம்மாள் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டார். "உனக்கு அக்கறை இருக்கு, அது போதும். ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ் தர்றோம். ஆனா ஒண்ணு. இனிமே பீப்பாய் தீரக் கூடாது. வாயைத் திறந்து சொல்லணும்."

அன்று மாலை பார் நிரம்பி வழிந்தது. ஹேமிஷ் வரமாட்டான் என்றுதான் நைரி நினைத்தாள். வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று கிளாஸ் குடித்தான். பிறகு காலிக் கிளாஸை அவள் பக்கம் தள்ளினான்.

பாரே திரும்பிப் பார்த்தது. நைரியின் கால் பழக்கத்தில் நிலவறைப் பக்கம் ஓர் அடி வைத்தது. இவன் கோபித்துக்கொண்டு இந்தப் பக்கமே வராமல் போனால்? பக்கத்து ஊரில் குடித்துவிட்டு ஆற்றோரச் சாலையில் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வருவானே.

ஹேமிஷ் அவள் காலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "என்ன, பீப்பாய் தீர்ந்துடுச்சா?" என்றான். அவனே வழி விடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"இல்ல ஹேமிஷ். பீப்பாய் நிறைய இருக்கு. உனக்குத்தான் கிடையாது."

அவன் வண்டிச் சாவியை எடுத்து கவுண்டர்மேல் வைத்தான்.

"சொல்லித் தொலைக்க இத்தனை வருஷமாடி? போ, சிப்ஸ் கொண்டா. உப்பு நிறையப் போடு."