கிரந்திக்கு இங்கிலீஷ் இல்லை

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் நாலு மாதமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. நண்டு, இறால், கணவாய், முட்டை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, கச்சான் கடலை. கீழே ஒரு டொக்டரின் சீல். ஒட்டியவர் என் மச்சாள் சுபோதினி, என் கணவர் ராகுலனின் அக்கா. அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் என் வாய்க்குள் போகக்கூடாது. என் மகள் தாரிகா தாய்ப்பால் குடிக்கிறாள், நான் தின்பதெல்லாம் பாலோடு போய் அவள் தோலில் கரப்பனாய் வெடிக்கிறது என்பது மச்சாளின் முடிவு. வெள்ளவத்தையில் இந்த பிளாட் மச்சாளுடையது. ஆகவே முடிவும் மச்சாளுடையதுதான்.

நான் வாயில்லாத பூச்சி அல்ல. ஒஃபீசில் என்னை 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பிள்ளையின் கன்னம் இரண்டும் சிவந்து, முழங்கை மடிப்பில் தோல் வெடித்து நீர் கசிய, அது சொறிந்து சொறிந்து கத்தும்போது எந்தப் பட்டாசும் நமத்துத்தான் போகும். சாப்பிடாதே என்றால் சாப்பிடாமல் இருந்தேன். நில்லாதே என்று சொல்லியிருந்தால் நிற்காமலும் இருந்திருப்பேன்.

அந்தத் தாள் வந்த கதையைச் சொல்லவேண்டும். தாரிகாவுக்கு நாலு மாதமாக இருந்தபோது ஒரு பிரைவேட் டொக்டரிடம் போனோம். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ இரண்டு நாள் நித்திரை இல்லை, தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே மச்சாள்தான் கதைத்தா. அவ இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாதோ என்று டொக்டர் கேட்டார். மச்சாள் கைவிரலை மடித்து மடித்துச் சொன்னா: நண்டு அலர்ஜி, இறால் அலர்ஜி, கத்தரிக்காய் அலர்ஜி. டொக்டர் எழுதிக்கொண்டே போனார். "இஸ் தட் ஸோ, மதர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றைக்கும் எனக்கு நானே அறையலாம் போலிருக்கிறது.

நாலு மாதம் சோறு, பருப்பு, புடலங்காய். பருப்பு, சோறு, புடலங்காய். வீட்டில் மீன் பொரிக்கிற மணம் வந்தால் நான் பல்கனிக்குப் போய் நிற்பேன். கரப்பன் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. குறைந்தது என் பால்தான்.

அதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் பகுதி மிட்வைஃப். பிள்ளையைத் தராசில் நிறுத்துவிட்டுப் பிங்க் கலர் கிளினிக் புத்தகத்தில் புள்ளி வைத்தா. மேலே ஏறவேண்டிய கோடு இரண்டு மாதமாகப் படுத்தே கிடந்தது. அவ பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா. "அம்மா கன்னே மொனவத?" என்று சிங்களத்தில் கேட்டா. அம்மா சாப்பிடுவது என்ன என்று இந்த நாலு மாதத்தில் என்னைக் கேட்ட முதல் ஆள் அவதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதமும் கோடு ஏறாவிட்டால் பிள்ளையை வார்ட்டில் போடவேண்டி வரும் என்று சொல்லி, பொரளையில் ஒரு கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தா.

செவ்வாய்க்கிழமை நான் தனியாகவே போனேன். மச்சாளுக்குப் பள்ளிக்கூடம், ராகுலனுக்கு மீட்டிங். நல்லதாய்ப் போயிற்று. அங்கே இருந்த டொக்டர் நப்லா, பர்தா போட்ட சின்னப் பெண். பிள்ளையை உடுப்பில்லாமல் கிடத்தி, மடிப்பு மடிப்பாய்ப் பார்த்தா. பிறகு நான் கொண்டுபோன டியூபைத் தூக்கிப் பார்த்தா.

"இது எப்ப தந்தது?"

"நாலு மாசத்துக்கு முந்தி, டொக்டர்."

"நாலு மாசமா? இன்னும் முக்கால்வாசி ஈக்குதே!"

"ஸ்டீரொயிட் எண்டு வீட்டில பயம். அதால... ஒரு பொட்டளவு எடுத்துப் பூசுறனாங்கள்."

டொக்டர் சிரித்துவிட்டா. "இது பொட்டு வைக்கிற சாமான் இல்லம்மா. சிவந்த இடம் முழுக்கப் படணும். விரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் எடுத்தா, உங்கட ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். ஒரு நாளைக்கு ரெண்டு தரம். அடங்கினதும் என்னட்டக் கேட்டுட்டு நிப்பாட்டுங்க. பயந்து பயந்து பூசினா ஒருநாளும் அடங்காது."

பிறகு குளிப்பாட்டுவதைப் பற்றிக் கேட்டா. பயத்தம் மா, வேப்பிலை அவித்த தண்ணி, வாசனைச் சவர்க்காரம் மூன்றும் போயிற்று. இளஞ்சூட்டுத் தண்ணி, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒற்றித் துடைத்த உடனே ஈரத்தோடு ஈரமாய் வாசனையில்லாத கிரீமை அள்ளிப் பூசவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணத் தேவையில்லை. நகத்தைக் கட்டையாய் வெட்டி, பருத்தி உடுப்புப் போடச் சொன்னா. நான் எல்லாவற்றையும் கையிலேயே எழுதிக்கொண்டேன். அதன்பிறகுதான் அந்தத் தாளின் போட்டோவை போனில் காட்டினேன்.

"புள்ள எப்ப நண்டு சாப்புட்டது?"

"பிள்ளை எங்க டொக்டர் நண்டு சாப்பிடுறது! எட்டு மாசம்தானே."

"இறால்? முட்டை?"

"ஒண்டும் குடுக்கேல்லை."

"நீங்க சாப்புட்டு, அதுக்குப் பொறகு புள்ளைக்கு வீங்கினதா, சத்தி எடுத்ததா?"

"இல்லை."

"அப்ப அலர்ஜி எண்டு ஆரு சொன்ன?"

நான் யோசித்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அலர்ஜி என்ற சொல்லே இருந்ததில்லை. தோலில் சொறி கிளப்பும் என்று பெரியவர்கள் ஒதுக்குகிற சாப்பாட்டுக்கு வேறொரு சொல்தான் இருந்தது. "கிரந்தி எண்டு சொல்லுறவை, டொக்டர். நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி. மச்சாள் அதை இங்கிலீஷில சொன்னவ."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தா. "எங்கட உம்மாவும் கிரந்தி எண்டுதான் சொல்லுவா. கிரந்திக்கு இங்கிலீஷ் இல்ல. நீங்க கிரந்தி எண்டு நெனச்சுச் சொன்னத அந்த டொக்டர் அலர்ஜி எண்டு எழுதினார். அவர் எழுதினத நீங்க திருப்பிக் கொண்டுபோய் நம்பினீங்க. இப்ப உங்களுக்கு மேல் முழுக்க எலும்பு." முட்டையைப் பிள்ளைக்கு முதன்முதலில் கிளினிக்கிலேயே கொடுத்துப் பார்ப்போம் என்றா. "உங்களுக்கு ஒரு தடையும் இல்ல. எல்லாம் சாப்புடுங்க. நல்லாச் சாப்புடுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. பத்திக்கொண்டு வந்தது. நாலு மாதப் பட்டினி, ஒரு மொழிபெயர்ப்பால்.

அன்று பின்னேரம் மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ காய் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அந்த டொக்டருக்கு என்ன வயசு?" என்றா. "எங்கட ஆக்கள் கண்டதுகளை நேற்றுப் படிச்சு வந்தவைக்கு விளங்காது. நீர் பூசுறதைப் பூசும். வாயை மட்டும் கட்டும்."

ராகுலன் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீர் காலி வீதிக் கடை எதிலயாவது சாப்பிட்டிட்டு வாருமன். அக்காவுக்குத் தெரியத் தேவையில்லைத்தானே."

"ஒளிச்சுச் சாப்பிட நான் என்ன களவோ எடுத்தனான்?" என்று கத்தினேன். "என்ர பிள்ளைக்குப் பால் குடுக்கச் சாப்பிடுறன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவினம்தானே? எல்லாருக்கும் முன்னால சாப்பிடுறன். ஏலுமெண்டால் மறியுங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை தாரிகாவுக்குப் பல்லுக்கொழுக்கட்டை. முதல் பல் முளைத்த பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத் துணி போட்டு, அதன் மேல் கொழுக்கட்டை கொட்டுகிற எங்கள் சடங்கு. மச்சாள் விடியற்காலையே எழும்பி, ஒவ்வொரு கொழுக்கட்டைக்கும் தேங்காய்ச் சொட்டில் பல் வைத்துக்கொண்டிருந்தா. அவவுக்குப் பிள்ளையில் உயிர். அதை நான் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. சண்டை அதற்கு இல்லை.

ஆக்கள் வருவதற்கு முன் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை, கைக்கு உறை, கழுத்து வரை லேஸ் எல்லாம் மாட்டி வைத்திருந்தா. கரப்பன் தெரியக்கூடாதாம், கனடாவிலிருந்து சொந்தக்காரர் வீடியோவில் பார்ப்பார்களாம். வெளியே வெயில் கொதிக்கிறது. வியர்த்தால் பிள்ளை பிய்த்துச் சொறியும். நான் ஒரு வார்த்தை கதைக்காமல் அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, கையில்லாத பருத்திச் சட்டையைப் போட்டுக் கொண்டுவந்து ஹோலில் இருத்தினேன். ஐந்து நாள் ஒழுங்காய் மருந்து பூசியதில் கசிவு நின்று, சிவப்பு முக்கால்வாசி அடங்கியிருந்தது. மடிப்பில் மட்டும் தடிப்பு.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அருந்ததி அன்ரிதான் முதலில் பார்த்தா. "ஐயோ, இதென்ன சிரங்கோ?" என்று தன் பேரனைப் பின்னுக்கு இழுத்தா.

"சிரங்கில்லை அன்ரி, எக்ஸிமா. தொத்தாது. பேரனைக் கொண்டுவந்து கன்னத்தோட கன்னம் வைச்சுப் பாருங்கோ, ஒரு மண்ணும் ஒட்டாது."

போனுக்குள் இருந்த கனடாவும் கிட்ட வந்து பார்த்தது. நான் கிரீமை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க, பிள்ளையின் கையிலும் காலிலும் தாராளமாய்ப் பூசினேன். பிறகு, "கொட்டுங்கோ" என்றேன். கொட்டினார்கள். தாரிகா துணிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். வீடியோவில் யாரோ ஒரு பெண், தன் மகனுக்கும் இப்படித்தான், என்ன கிரீம் பூசுகிறீர்கள் என்று கேட்டா.

மத்தியானம் மேசையில் நண்டுக் கறி வந்தது. முருங்கை இலை போட்டு, கட்டித் தூளில் வற்ற வைத்தது. மச்சாளின் கைப்பக்குவத்தைப் பழி சொல்ல முடியாது. எனக்கு வழக்கம்போல ஒரு தனித் தட்டில் சோறும் பருப்பும் புடலங்காயும் இருந்தன. நான் அந்தத் தட்டைத் தள்ளிவிட்டு, நண்டுச் சட்டிக்குள் கரண்டியை விட்டு, உள்ளதிலேயே பெரிய நண்டாய்ப் பார்த்து எடுத்தேன்.

மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்தா. "றமீலா. வேண்டாம்."

"கையை விடுங்கோ மச்சாள்."

"பிள்ளைக்கு ஏதும் எண்டால்?"

"ஏதும் எண்டால் நான் பாக்கிறன். இப்ப பிள்ளை மெலியுது. அதுக்கு ஆர் பாக்கிறது?"

"நான் அனுபவத்தில சொல்லுறன். என்ர நிரோஜனுக்கும் இப்பிடித்தான் இருந்தது. ரெண்டு வருசம், ரெண்டு முழு வருசம், நான் சோறும் பருப்பும்தான். என்ர கல்யாணச் சட்டை எனக்குத் தொளதொள எண்டு போச்சு. அப்பிடி வாயைக் கட்டித்தான் என்ர பிள்ளைக்கு மாறினது. அதுக்குப் பிறகும் எனக்கு இந்த நண்டு வாய்க்குப் பிடிக்கேல்லை. சமைப்பன், தொடமாட்டன்." என் மணிக்கட்டில் அவவின் பிடி இறுகியது. "அவனுக்கு மாறினது சும்மாவோ?"

"அவனுக்கு எத்தினை வயசில மாறினது?"

"மூண்டு."

"கனபிள்ளையளுக்கு அந்த வயசில தானாய்க் குறையுமாம், மச்சாள். டொக்டர் சொன்னவ."

"அப்ப நான் ரெண்டு வருசம் கிடந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராகுலன் கண்ணால் கெஞ்சினார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பொய் நாளைக்கு இன்னொரு தாயின் தட்டில் போய் விழும்.

"சும்மா, மச்சாள்," என்றேன். "சும்மாதான் கிடந்தனீங்கள்."

என் மணிக்கட்டை விட்டுவிட்டு அவ உள்ளே போய்விட்டா. எனக்கும் பாவமாய்த்தான் இருந்தது. அதற்காக நண்டைக் கீழே வைக்கவில்லை. காலை உடைத்து, சதையை உறிஞ்சி, குழம்பை வழித்து, ஒன்றல்ல, மூன்று நண்டு சாப்பிட்டேன். நான் ஓட்டைக் கடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

கை கழுவிக்கொண்டு வந்து அறைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். மச்சாள் வந்து எதிரே கட்டில் விளிம்பில் இருந்தா. பிள்ளையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தா, கரப்பன் இப்போது வெடிக்கும், இந்தா வெடிக்கும் என்று காவல் இருப்பது போல. அரை மணித்தியாலம் போயிற்று. ஒரு மணித்தியாலமும் போயிற்று. தாரிகா குடித்துவிட்டு, வாய் ஓரத்தில் பால் வடிய நித்திரையாய்ப் போனாள். கன்னம் காலையில் இருந்தபடியே இருந்தது.

மச்சாள் எழும்பிக் குசினிக்குப் போனா. சட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அவவின் கண் சிவந்திருந்தது. கட்டிலில் கிடந்த டியூபை எடுக்கக் குனிந்தா.

"எவ்வளவு பூசுறது? காட்டும்," என்றா.

நீட்டிய கையைப் பார்த்தேன். ஐந்து விரலிலும் நண்டுக் குழம்பு.

"முதல்ல கையைக் கழுவிப்போட்டு வாங்கோ மச்சாள்," என்றேன்.