ரெக்கார்டு ரூம் சுவர்

செந்தமிழன் எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் சட்டைக் காலரிலிருந்த கறுப்புப் புள்ளிகள் சூடாயினவே தவிரப் போகவில்லை. அப்பாவுக்குக் கடைசியாகப் போட்டுவிட வேறு வெள்ளைச் சட்டை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அவரைக் கூடத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அம்மா இந்திராணி வந்து இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"விடுய்யா. மாலை போட்டா மறைஞ்சிரும்."

மறைப்பது அந்தக் குடும்பத்துக்குப் பழகிய வேலைதான். தீவு ஊரான ஹேடோவில் ஓர் அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் அப்பா ஜெகநாதன் வேலை பார்த்தார். அறையின் ஒரு சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தியில் 'சீலன்' என்பார்கள், வெறும் ஈரக்கசிவு. ஈரக்கசிவு யாரையும் கொல்லாது. மெயின்லேண்டிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்றால், அப்பா தேய்ந்த விளக்குமாற்றால் சுவரைச் சுரண்டிவிட்டு மேலே வெள்ளையடிப்பார். கடல் காற்று ஃபைலுக்கு ஆகாது என்று ஜன்னல்களை டேப் ஒட்டி அடைத்தவரும் அவரே. சுரண்டிய தூளுக்கு வெளியே போக வழியில்லை. உள்ளே தங்க வேறு இடமில்லாமல் அது அவர் நெஞ்சில் தங்கியது.

"பூஞ்சணத்தச் சொரண்டுனா தூளு பறக்கும்ப்பா. மொதல்ல தண்ணி வர்றத நிறுத்தணும். ஜன்னலத் தொறக்கணும்" என்று கல்லூரி விடுமுறையில் ஒருமுறை செந்தமிழன் சொன்னான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ரெக்கார்டு ரூமுக்கு நேர் மேலே சூப்பிரண்டெண்ட் பன்னீர்செல்வத்தின் சொந்த பாத்ரூம். அதன் பைப்பில் விரிசல். சரிபண்ண வேண்டுமென்றால் கொஞ்ச நாள் பாத்ரூமைப் பூட்ட வேண்டும். சார் மாடியிறங்கி வந்து மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அது நன்றாயிருக்காது என்றார் அப்பா. சாருக்காக அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நுரையீரலில் பூஞ்சை படர்ந்திருப்பதாகச் சொன்ன டாக்டர், வேலை பார்க்கும் இடம் எப்படிப்பட்டது என்று கேட்டார். செந்தமிழன் பதில் சொல்வதற்குள் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அப்பா முந்திக்கொண்டார்.

"சொவரு அடிச்சாச்சா? இன்ஸ்பெக்‌ஷன் வருதே."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மலர்வளையத்தோடு அலுவலகத்துக்காரர்கள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவர் இருமினார். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, அப்பாவைப் போலவே. அம்மா சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வந்தவர் முருகானந்தம். ரெக்கார்டு ரூமில் அப்பாவுக்குப் பக்கத்து மேசைக்காரர்.

செந்தமிழன் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தான். அந்த அறைதான் அப்பாவைக் கொன்றது, அதைப் பூட்டுங்கள். எல்லோர் முன்னாலும் பன்னீர்செல்வத்திடம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிப் படியிலேயே நின்று ஒத்திகை பார்த்திருந்தான்.

பன்னீர்செல்வம் வந்தார். மாலை போட்டார். மாலை காலரை மறைத்தது. செந்தமிழன் பக்கம் குனிந்தார்.

"அப்பாவுக்கு பீடி, சிகரெட்டு உண்டோ?"

"இல்ல சார்."

"அச்சா" என்றார், வருத்தமாக. ஒன்றாவது குடித்திருக்கலாம் என்பதுபோல இருந்தது. பிறகு அம்மாவிடம் சொன்னார்: "கவலப்படாதீங்கம்மா. தம்பிக்கு வேலை வாங்குறது என் பொறுப்பு. அவங்கப்பா சீட்டே காலியாத்தான் இருக்கு."

வேலை இல்லையென்றால் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மெயின்லேண்டில் அவர்களுக்கு வீடென்று ஒன்று இல்லை. முந்தானைக்கு அடியில் அம்மாவின் கை செந்தமிழனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"சார், மேல ஒங்க பாத்ரூம் பைப்பு..."

பிடி இறுகியது.

"அதப் பாத்துக்கலாம்ப்பா. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், டீக் ஹை?" அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "அப்பா போட்டோ பெரிசா இருக்கா? நாளைக்கு இரங்கல் கூட்டம். ரெக்கார்டு ரூம் சொவத்துலயே மாட்டிருவோம். எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது."

இத்தனை வருடத்தில் அந்த அலுவலகம் அப்பாவுக்குச் செய்த முதல் மரியாதை அது. அதுவரை அழாமலிருந்த அம்மா அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் காலை அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு படத்தை வாங்கிக்கொண்டு போனான் செந்தமிழன். கல்யாணப் படத்திலிருந்து அப்பாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். ஓரத்தில் அம்மாவின் தோள் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ரெக்கார்டு ரூமில் அப்பாவின் சட்டை வாசனை அடித்தது. சுவருக்கு யாரும் வெள்ளையடித்திருக்கவில்லை. அடிக்கிறவர் இறந்துவிட்டார். கறுப்பின் நட்டநடுவில் முருகானந்தம் ஏற்கெனவே ஆணி அடித்து வைத்திருந்தார். படத்தை மாட்டியதும் இருவரும் பின்னால் நகர்ந்து பார்த்தார்கள். இடது பக்கம் கறுப்பு ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதவிடப் பெரிசு கெடைக்கலையா தம்பி?" என்று முருகானந்தம் தயங்கிக் கேட்டார்.

"கடையில இதான் பெரிய சைசு அங்கிள்."

முருகானந்தம் இருமிக்கொண்டே பீரோவைத் தள்ளப் பார்த்தார். அது நகரவில்லை. செந்தமிழனும் ஒரு கை கொடுத்தான். மிச்சமும் மறைந்தது.

சாருக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். நிற்காதே, உட்கார் என்று யாரோ அப்பாவின் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவன் உட்கார்ந்தான். மேலே ஃப்ளஷ் இழுக்கும் சத்தம் கேட்டது. சற்றுநேரத்தில் பன்னீர்செல்வம் கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி இறங்கி வந்தார். படத்தைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார்.

"ரெண்டு நிமிசம் மௌனமா நிப்போம்."

எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்தார்கள். படத்துக்குப் பின்னால் சுவருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. செந்தமிழனுக்குத் தொண்டை அரித்தது. மௌனம் முடியட்டும் என்று அடக்கிக்கொண்டான்.