கிளியூரில் கொஞ்சம் கடல்

ஏற்காட்டில் உப்புத் தண்ணீரைத் தேடி அலைந்த முதல் ஆள் ஒண்டிக்கடைப் பகுதி ஜோஸ்வாவாகத்தான் இருக்க வேண்டும். சேலத்தில் இன்ஜினியரிங் கடைசி வருடம். புராஜெக்டுக்கு அவன் செய்திருந்தது தண்ணீரில் உப்பை அளக்கும் கருவி: மேலுறை சுரண்டிய ஒளியிழை ஒன்று, அதோடு ஒரு டப்பா. தண்ணீரில் உப்பு கூடக்கூட இழை வழியே வந்து சேரும் வெளிச்சம் குறையும். டப்பா அதைக் கணக்குப் போட்டு உப்பின் அளவைக் காட்டும்.

ஏரியில் முக்கினான், பூஜ்யம். ஓடையில் பூஜ்யம். வீட்டுக் குழாயிலும் அதே. கிளியூர்ப் பாறைச் சுனையில் முக்கியபோது மட்டும் டப்பா ஏறக்குறையக் கடலைக் காட்டியது.

புராஜெக்ட் கைடு சிவரஞ்சனி மேடம் அளவுகளைப் பார்த்தார்.

"கிளியூருக்குக் கடல் எப்ப வந்துச்சு கண்ணு?"

"டப்பா பொய் சொல்லாதுங்க மேடம்."

"நானே வந்து பாக்கறேன். காரணம் தெரியலைன்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாரையும் மாதிரி ஆட்டோமேட்டிக் மோட்டார் சுவிட்ச் பண்ணு."

வகுப்பில் பாதிப் பேர் மோட்டார் சுவிட்ச்தான். அந்தக் கும்பலில் சேருவதைவிடக் கிளியூரில் கடல் இருப்பதை நிரூபிப்பது சுலபம் என்று ஜோஸ்வாவுக்குப் பட்டது.

சனிக்கிழமை மேடம் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் கண்ணெதிரே சுனையில் இழையை முக்கினான். மறுபடியும் கடல். மேடம் மோட்டார் பேச்சை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, சித்த தள்ளி நில்லுங்க."

எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற மாதம்மாள். கையில் உப்புப் பாக்கெட். மேலே மரத்தடியில் இருந்த அம்மன் கல்லைக் கும்பிட்டுவிட்டு, உப்பை அள்ளிச் சுனையில் போட்டுக் கையால் கலக்கினாள். டப்பாவில் எண் மளமளவென்று ஏறியது.

"என்னக்கா பண்றீங்க?"

"கழுத்துல மரு சாமி. உப்பு கரையறாப்புல அதுவும் கரைஞ்சு போயிரும். எல்லாரும் இங்கதான் போடறது. உங்கூட்டுல சொல்லலியா?"

அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரசங்கம் கேட்பார்கள். அதில் மருவைப் பற்றி வந்ததில்லை.

"அக்கா, இன்னொரு கை போடுங்க."

"ஒரு மருதான் சாமி இருக்குது."

"எனக்காகப் போடுங்க."

போட்டாள். ஏறியது.

"இதை ரிப்போர்ட்ல எப்படி எழுதுவே?" என்றார் மேடம்.

"உப்பின் மூலம், பக்தர்கள்னு எழுதறேங்க."

மேடம் சிரிக்கவில்லை. "எழுது. மோட்டார் வேண்டாம்."

ஜோஸ்வாவுக்கு அந்தச் சுனையையே குடித்துவிடலாம் போலிருந்தது. உப்பு அளவு தெரிந்திருந்ததால் குடிக்கவில்லை. இழையைச் சுருட்டப் போனான்.

"இரு கண்ணு. எந்தச் சோதனையையும் இன்னொரு தடவை செஞ்சு பாத்துரணும்."

மாதம்மாளிடம் மிச்ச உப்பைக் கேட்டு வாங்கினார் மேடம். தாடைக்குக் கீழே ஒருமுறை தடவிக்கொண்டார். கண்ணை மூடினார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பிறகு போட்டார்.

சோதனைக்குக் கண்ணை மூட வேண்டிய அவசியமில்லை. ஜோஸ்வா எண்ணை மட்டும் குறித்துக்கொண்டான்.