திரும்பும் சீட்

வெள்ளிக்கிழமைக்குள் அந்த லைட் அணைய வேண்டும். அணைந்தால் என் மனைவி வண்டியில் ஏறுவாள். அணையாவிட்டால் தோழிகளோடு ரயிலேறி எங்கோ போய்விடுவாள். அவளுக்கு ஒரு வார லீவு கிடைத்திருந்தது. அடுத்த லீவு எப்போது என்று அவளுக்கே தெரியாது.

வண்டி ஒரு பழைய கேம்பர் வேன். உள்ளே கட்டில், சிங்க், ஒற்றை அடுப்பு, மடக்கு மேசை, மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன பெஞ்ச். டிரைவர் சீட்டைப் பின்னால் திருப்பிப் போட்டால் மேசைக்கு இந்தப்பக்க நாற்காலி ஆகிவிடும். குளிர்பதனக் கிடங்கில் பார்த்த நைட் ஷிஃப்ட் வேலையை விட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்தோம். இதில் குடியேறி ஊர் ஊராகப் போவதாகத் திட்டம். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்றோம். கூரை ஒழுகியது.

"வீடுன்னா அதுக்கு சக்கரம் இருக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரி லேபுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசப் போயிருக்கலாம்.

அவள் போன பிறகுதான் டாஷ்போர்டில் அந்த லைட் எரியத் தொடங்கியது. சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். போனில் பேச வேறு எதுவும் கிடைக்காத ஒரு மாலையில் அதை அவளிடம் சொல்லித் தொலைத்தேன்.

"மலை ரோட்டுல பிரேக் லைட் எரியற வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றாள். நியாயம்தான்.

வண்டி நின்றது அவள் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால். படுக்கையும் சாப்பாடும் எனக்கு அதிலேயே. தம்பிக்கு அக்காவைப்போல் இரண்டு மடங்கு உடம்பு, நான்கு மடங்கு வாய்.

"மாமா, இந்த லைட்டு எங்க அக்கா மாதிரியே. காரணம் சொல்லாம முறைக்குது."

"வேலையைப் பாரு மாப்ள."

பார்த்தான். பிரேக் ஆயில் நிறைய இருந்தது. பேட் தேயவில்லை. எந்தச் சக்கரத்திலும் கசிவு இல்லை. ஆயில் டப்பாவின் சென்சார் ஒயரைக் கழற்றிப் பார்த்தான். லைட் எரிந்துகொண்டேதான் இருந்தது.

"அப்போ ஆயில் பக்கம் பிரச்சினை இல்ல. ஹேண்ட்பிரேக் சுவிட்சுதான். கைப்பிடி முழுசா கீழ இறங்கினா சுவிட்ச் அமுங்கும், லைட் அணையும். இங்க அமுங்க மாட்டேங்குது."

புது சுவிட்ச் போட்டான். அப்படியும் எரிந்தது. உள்ளங்கை சிவக்கும்வரை நானும் கைப்பிடியை ஏற்றி இறக்கினேன். கடைசியில், ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவன் ஏறி உட்கார்ந்தான். அவன் கனத்துக்கு சீட் முனகியது. எங்கோ 'டக்' என்றது. லைட் அணைந்தது.

"பாத்தீங்களா? என்னைக் கண்டா அதுக்கு பயம்."

மாலைவரை எரியவில்லை. அவளுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். நல்லவேளை. வியாழன் காலை சாவியைத் திருப்பினால் அது என்னைப் பார்த்துச் சிவந்தது.

தம்பி வந்தான், உட்கார்ந்தான். 'டக்.' அணைந்தது. இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

"மாமா, ராத்திரி இந்த வண்டிய என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணுவேன்? தூங்கறேன்."

சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே டார்ச்சை நுழைத்துப் பார்த்தான். பிறகு என் தலையைப் பிடித்து உள்ளே அமுக்கினான். சீட்டுக்கு அடியில் இருக்கும் சுழல் தகட்டில், பெயின்ட் போய், வில் மாதிரி வளைவாக ஒரு கீறல். புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"சீட்டைத் திருப்பிட்டு மறுபடி முன்னாடி கொண்டு வர்றப்போ முழுசா பூட்டு விழல. தகட்டோட மூலை கைப்பிடிக்கு முட்டுக் குடுக்குது. ஒரு மயிரிழைதான். நான் உக்காந்தா என் கனத்துக்கு பூட்டு விழுந்துடுது. லைட்டு கெடக்குது, இதுதான் ஆபத்து. வளைவுல சீட்டு சுத்திச்சுன்னா ரோட்டைப் பாக்காம சிங்க்கைப் பாத்துக்கிட்டு போவீங்க." பிறகு நிமிர்ந்தான். "ஒத்தை ஆளு. கட்டில்ல உக்காந்து சாப்பிட்டா ஆகாதா? தினம் எதுக்கு இதைத் திருப்பறீங்க?"

கட்டிலில் உட்கார்ந்தால் வண்டியின் பின்கதவுதான் தெரியும். சீட்டில் உட்கார்ந்தால் அவள் உட்காரும் பெஞ்ச் தெரியும்.

"பழக்கம்" என்றேன்.

அவன் பெஞ்சைப் பார்த்தான். அதன்மேல் நான் எதுவும் வைப்பதில்லை. கட்டில், தரை, சிங்க் எல்லாம் துணியும் தட்டுமுட்டுமாகக் கிடக்க, அது மட்டும் காலியாக இருந்தது. டார்ச்சை அணைத்துப் பாக்கெட்டில் போட்டான்.

"ரெண்டு வழி இருக்கு. சீட்டு திரும்பாதபடி போல்ட் போட்டு இறுக்கிடலாம். இல்லன்னா மூலையை அறுத்துட்டு பூட்டை சரி பண்ணணும். போல்டுன்னா அஞ்சு நிமிஷம்."

"போல்ட் வேணாம்."

"தெரியும், சும்மா கேட்டேன்" என்று கிரைண்டரை எடுக்கப் போனான்.

வேலை முடிந்ததும் சீட்டை நானே பலமுறை சுற்றிப் பார்த்தேன். பூட்டு விழுந்தது, லைட் எரியவில்லை. கை கழுவித் திரும்புவதற்குள் அவன் போனைக் காதில் வைத்திருந்தான்.

"அக்கா, பிரேக்குல ஒண்ணுமே இல்ல. உன் வீட்டுக்காரரு தினம் ராத்திரி சீட்டைத் திருப்பிப் போட்டு, உன் பெஞ்சைப் பாத்துக்கிட்டே சாப்பிடறாரு. அதான் கோளாறு. இந்தா, அவரே வர்றாரு, அடிக்கத்தான் வர்றாரு."

போனைப் பிடுங்கினேன்.

"என்ன சாப்பிடறீங்க?" என்றாள்.

"ரொட்டி."

"தினமுமா?"

"அனேகமா."

லேபில் ஏதோ மெஷின் சுற்றுவது கேட்டது.

"மேல ஏறி வராதீங்க. பனி ஜாஸ்தி. அடிவாரம் பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. நாளைக்கு முதல் பஸ்ல இறங்கி வர்றேன்."

"சரி. லீவு முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் டியூட்டி. வேற என்ன?"

"இல்ல, கேட்டேன்."

"கேளுங்க" என்றாள். "கேக்கறதுக்கென்ன." வைத்துவிட்டாள்.

அடிவாரத்துக்கு மூன்று மணி நேர ஓட்டம்தான். தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு சாவியைப் போட்டேன். தம்பி ஜன்னலில் சாய்ந்தான்.

"பஸ்ஸு நாளைக்குக் காலையில மாமா. இப்பவே போய் என்ன பண்ணப் போறீங்க?"

"நிப்பேன்."