பெட்டியைத் திறக்காதே

தன் கடைப்படியைக் கமென் ஏறுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் ஈஸ்க்ரா சிரித்திருப்பாள். ஆனால் ஏறினான். கல்யாண வீடியோ எடுப்பவன் அவன். அவனுடைய கம்ப்யூட்டர் புகைந்து படுத்துவிட்டது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் விதின் ஊரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை இவளுடையது ஒன்றுதான் திறந்திருந்தது, பேருந்து நிலையத்துக்கு எதிரே.

அவன் கையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஹார்ட் டிஸ்க். உள்ளூர்க்காரி ஸ்தொயன்காவின் இளைய மகளின் கல்யாணப் படம் அதில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. அவன் கம்ப்யூட்டர் புகையுமுன் சிடியில் எழுதப் பார்த்தபோதும் பாதியில் நின்றது. துண்டுகளை ஒன்றுசேர்த்து எழுதி, சாயங்காலம் மணமக்கள் ஸ்பெயின் பஸ் ஏறுமுன் கொடுத்தாக வேண்டும்.

"குடு, கழட்டி என் மெஷினுக்குள்ளே மாட்டறேன்" என்று கை நீட்டினாள் ஈஸ்க்ரா.

"பெட்டியைத் திறக்காதே. வெளியிலேர்ந்தே சொருகு. உன் கை பட்ட டிஸ்க் என்ன ஆகும்னு ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்தது இவன் கட்டிவிட்ட கதை. ஸ்தொயன்காவின் மூத்த மகள் கல்யாணத்தில் கமெனுக்காகக் கேமரா பிடித்தவள் ஈஸ்க்ரா. குடித்துவிட்டு அந்தப் படத்தின்மேல் வேறு கல்யாணத்தை ஏற்றி அழித்தவன் கமென். பழி இவள் தலையில் விழுந்தது. கைக்குட்டை சுழற்றி ஆடிய மணமகளின் அப்பா அடுத்த மாதமே இறந்துபோனார். அவர் ஆடியதைப் பார்க்க வேறு படமில்லை. அன்றிலிருந்து ஸ்தொயன்கா இவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். வேறு யாரும் இவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவுமில்லை.

ஈஸ்க்ரா பெட்டியை வாங்கினாள். "சரிங்க, நீங்க சொன்னபடியே" என்று பெட்டியின் வயரைப் பழைய யூஎஸ்பி துளையில் சொருகினாள். டிஸ்க்கைக் கழற்றி மதர்போர்டில் பட்டைக் கேபிளால் மாட்டினால் சாயங்காலத்துக்குள் முடிகிற வேலை. இந்தத் துளை வழியே அடுத்த வாரமும் முடியாது. அவள் அதைச் சொல்லவில்லை. காபி போட்டுக் குடித்தாள்.

திரையில் சிதறிய துண்டுகளைக் காட்டும் சிவப்புக் கட்டங்கள் அசையவே இல்லை. கமென் நகத்தைக் கடித்தான். எழுந்து நடந்தான். "என்ன உன் மெஷின், செத்த பாம்பா?" என்றான்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. வழிதான் குறுகல். கழட்டி உள்ளே மாட்டினா பறக்கும். நீதான் கூடாதுன்னுட்டே."

அவன் முகம் செத்தது. "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? கழட்டித் தொலை."

ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி அவள் திருப்புளியை எடுத்தபோது ஸ்தொயன்கா கமெனைத் தேடி உள்ளே நுழைந்தாள், வெளிநாடு போகும் மகளுக்குச் சுட்ட பனித்ஸா என்ற பாலாடைக்கட்டி அடைப் பொட்டலத்தோடு.

"கமென், இவகிட்டயா குடுத்தே? என் புருஷன் ஆடினதை அழிச்சவ இவ. டிஸ்க்கைத் தொடவிடாதே."

"தொட்டாத்தான் முடியும் அத்தே, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"படமே வேண்டாம். எடுடா அதை."

ஈஸ்க்ரா திருப்புளியை மேசைமேல் வைத்தாள். "அத்தை சொல்லாம நான் தொடமாட்டேன். ஏன் தொடலாம்னு நீயே சொல்லு, கமென்."

அவன் சுவரைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். படம் போகாவிட்டால் இந்த ஊரில் அவனுக்கு இனிக் கல்யாணமே கிடைக்காது.

"அழிச்சது இவ இல்ல அத்தே" என்றான், தரையிடம் சொல்வதுபோல. "நான்தான்."

ஸ்தொயன்கா அவனுக்கு முதுகைத் திருப்பினாள். பிறகு ஈஸ்க்ராவிடம், "திற பொண்ணே" என்றாள்.

உள்ளே மாட்டியதும் துண்டுகள் ஒன்றுசேர, கட்டங்கள் மளமளவென்று நீலமாயின. சிடியும் தங்குதடையின்றி எழுதி முடிந்தது. ஈஸ்க்ராவுக்கு நெஞ்சு குளிர்ந்தது, அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

"அவர் ஆடினது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் ஸ்தொயன்கா.

"இருக்கு அத்தே. கைக்குட்டை பறந்து பாட்டுக்காரர் தலையில விழுந்தது. அப்பவும் அவர் ஆட்டத்தை நிறுத்தல."

ஸ்தொயன்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பனித்ஸாவில் பாதியைப் பிய்த்து மேசைமேல் வைத்தாள். சிடியோடு பேருந்து நிலையத்துக்குப் போனாள்.

ஸ்பெயின் பஸ்ஸை வழியனுப்ப அங்கே பாதி ஊர் நின்றது. கண்ணாடி வழியே ஈஸ்க்ரா பார்த்தாள். ஸ்தொயன்கா ஒருத்தியிடம் பேசினாள், அவள் அடுத்தவளிடம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் எல்லா முகமும் கடைப்பக்கம் திரும்பியது.

கமென் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "பின்வாசல் இருக்கா?"

"இல்ல" என்று பனித்ஸாவைக் கடித்தாள் ஈஸ்க்ரா.